₹18,500 போச்சு, ஒரு வருஷமும் போச்சு: ‘மனித உரிமை’ போர்டைப் பார்த்து மாடி ஏறாதீர்கள்

காவல் நிலையத்தில் அடிபட்ட ஒரு பையனின் குடும்பம் வைத்திருந்த மனுக் கோப்பு நேற்று சாயங்காலம்தான் கைக்கு வந்தது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. காவல் நிலையத்தில் அடிபட்டவர்கள் டெல்டாவில் யார் இருந்தாலும், உங்கள் வீட்டில் யாராவது இருந்தாலும், இதைக் கடைசி வரை படியுங்கள்.

போன பணம் ₹18,500. உறுப்பினர் அட்டைக்கு 3,500, ‘ஆணையக் கட்டணம்’ என்று 5,000, சென்னை போய்வர 10,000. வாங்கியது ஒரு ‘மனித உரிமை’ ஆபீஸ். பெயரைப் போடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம், ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு அறை. சுவரில் அரசு முத்திரை மாதிரியே ஒரு முத்திரை. கீழே நிற்கும் காரில் சிவப்பு எழுத்துப் பலகை. கொடுத்தது ஒரு குத்தகை விவசாயக் குடும்பம்.

சென்ற வருஷம் புரட்டாசியில், குறுவை அறுப்பு நேரம், மோட்டார் ஒயர் திருட்டு என்று சொல்லி அவர்கள் பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள். கைதுக் குறிப்பு எழுதவில்லை. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவில்லை. உள்ளங்காலில் அடி. மூன்றாம் நாள் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பைக்கை மட்டும் விடவில்லை, அதற்கு ரசீதும் இல்லை.

பையனின் அம்மா மாடி ஏறியதும், அந்த ஆபீஸை நடத்தும் ஆள் போனை ஸ்பீக்கரில் போட்டு, “என்ன இன்ஸ்பெக்டர், பையன் மேல கை வெச்சிருக்கீங்களாமே?” என்று அதட்டியிருக்கிறான். அந்தப் பக்கம் “சார்... சார்...” என்று ஒரு குரல். எந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்து வீடே நடுங்கிக் கிடந்ததோ, அதையே ஒருத்தன் அதட்டுவதைக் கேட்டால் யார்தான் நம்ப மாட்டார்கள்? பேசியது இன்ஸ்பெக்டர்தானா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. “நீங்க நிம்மதியா வீட்டுக்குப் போங்கம்மா, அந்த எஸ்.ஐ. தொப்பியைக் கழட்டாம விடமாட்டேன்” என்றானாம். அன்றைக்கே நெல் போட்ட காசில் 8,500. மறுவாரம் தோட்டை அடகு வைத்து 10,000.

அப்புறம் அலைக்கழிப்புதான். ஐப்பசியில் “மனு மேல போயிருக்கு”. தையில் “ஐயா டெல்லி போயிருக்காங்க”. சித்திரையில் “அதிகாரியை மாத்திட்டாங்க, புதுசா ஒருத்தர் வரட்டும்”. ஆடியில் நகல் கேட்டபோது “ரகசிய மனும்மா, வெளியே குடுக்கக் கூடாது”. இப்போது போனையே எடுப்பதில்லை.

கோப்புக்குள் இருப்பது லெட்டர்பேடில் ஒரே ஒரு கடிதம். தேதி இல்லை, தபால் ரசீது இல்லை, ஆணையத்தின் வழக்கு எண் இல்லை. மனு போகவே இல்லை. மாநில மனித உரிமை ஆணையம் 1997 முதல் சென்னையில் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்க ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். ஆணையம் உறுப்பினர் அட்டை விற்பதில்லை, ஊருக்கு ஊர் ஏஜென்டு வைத்து வசூல் பண்ணுவதும் இல்லை.

₹18,500-ஐ விடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1993, பிரிவு 36(2): சம்பவம் நடந்து ஒரு வருஷம் கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்கக் கூடாது. நேற்றோடு ஒரு வருஷமும் 11 நாளும் ஆகிவிட்டது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021-இல் சொல்லிவிட்டது. இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அடித்தவர் சம்பளத்திலிருந்து அரசு பிடிக்கலாம். அந்தக் கதவைத்தான் “மேல போயிருக்கு, மேல போயிருக்கு” என்று சொல்லிச் சொல்லியே மூடிவிட்டான்.

சாட்சியமும் போனது. “ஜி.எச். போனா போலீஸுக்குத் தெரிஞ்சிடும், வேண்டாம்” என்று தடுத்திருக்கிறான். அதனால் தனியார் கிளினிக்கில் ஒரு ஊசியோடு சரி. அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தால் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் காயம் பதிவாகியிருக்கும். யார் அடித்தது, எங்கே, எதால் என்று டாக்டரிடம் வாயால் சொல்லி எழுதவைக்க வேண்டும். கூடவே காவலர் வந்து நின்றால் ‘வழுக்கி விழுந்தார்’ என்று பதிவாகிவிடும் ஆபத்து உண்டு. அதனால் வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருந்து, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேமராப் பதிவும் அப்படித்தான். ஸ்டேஷன் வாசல், வராண்டா, லாக்கப், இன்ஸ்பெக்டர் அறை எல்லா இடத்திலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நடப்பு வேறு. அதே 2020-இல், காவலில் அப்பாவும் மகனும் இறந்ததை விசாரிக்கச் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குப் போன மாஜிஸ்திரேட், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததைக் கண்டார். ஆகவே முதல் வாரத்துக்குள்ளேயே தேதி, உள்ளே போன மணி, வெளியே வந்த மணி குறித்து, பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எஸ்.பி.க்குத் தபால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் “ஹார்டு டிஸ்க் ரிப்பேர்”. அந்த ஸ்டேஷன் இந்தக் குடும்பத்துக்குச் சொன்ன பதிலும் அதேதான்.

எல்லாம் போய்விடவில்லை. வாக்குமூலம் வாங்க அடிப்பது பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) பிரிவு 120, ஏழு வருஷம் வரை தண்டனை. மூன்று வருஷத்துக்கு மேல் தண்டனையுள்ள குற்றத்துக்குக் கோர்ட்டில் காலக்கெடு கிடையாது. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடவில்லையென்றால் பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)-இன்படி எஸ்.பி.க்குத் தபாலில் புகார், அதற்கும் அசையவில்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. ஆனால் அரசு ஊழியர் மேல் என்றால் 175(4) குறுக்கே வரும்: மேலதிகாரியின் அறிக்கையையும் சம்பந்தப்பட்டவர் சொல்வதையும் பார்த்த பிறகுதான் விசாரணைக்கு உத்தரவு. அங்கே ஏ.ஆர். காப்பி இல்லாமல் நிற்பது ரொம்பக் கஷ்டம். அதைத்தான் அந்த மாடி ஆள் இல்லாமல் செய்துவிட்டான்.

பணத்துக்குத் தனியாக மோசடிப் புகார். 10,000 ஜிபேயில் போனதால் பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த 8,500-க்கு அந்த அட்டைதான் அத்தாட்சி. பையனை அடித்த அதே ஸ்டேஷனில் போய் இந்தப் புகாரையும் கொடுங்கள் என்று அந்த அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது? புதன்கிழமை எஸ்.பி. ஆபீஸ் மனு நாளில் நேரில் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம்.

விவரமாக எழுத நினைத்தோம், இப்போதைக்கு இவ்வளவுதான். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணைக்குக் கூப்பிட்டால் பி.என்.எஸ்.எஸ். பிரிவு 35(3) நோட்டீஸை எழுத்தில் கேளுங்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். வண்டியைப் பிடித்து வைத்தால் நம்பரை மனுவிலேயே எழுதுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சமூகத்தாருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் இலவசம், எண் 15100. உயர் நீதிமன்றம் என்றால் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்குச் சென்னை. ஒரு வருஷம் முடிய நாள் குறைவாக இருப்பவர்கள் இன்றைக்கே தபால் ஆபீஸுக்குப் போங்கள், ரசீதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.