கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு மென்பொருள்: கேட்கத் தெரிந்த ஒரு சேவை

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து தரும் உள்ளூர்க் குழு ஒன்றின் சேவை பற்றிய மதிப்பீடு இது. புரோகிராம் எழுதுவதற்கு முன்னால், என்ன வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் வேலையில் இவர்கள் கெட்டி.

பெரும்பாலும் கோளாறு முதல் சந்திப்பிலேயே தொடங்கிவிடும். முதலாளி, மகன், கணக்குப்பிள்ளை மூவரையும் சேர்த்து உட்காரவைத்தால் முதலாளி மட்டும்தான் பேசுவார். தினமும் நோட்டு எழுதுகிற கணக்குப்பிள்ளை, அவர் சொன்னது தப்பென்று தெரிந்தாலும் வாய் திறக்கமாட்டார். மேலே இருப்பவரின் அதிகாரத்தைக் கீழே இருப்பவர்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்று பார்க்கும் அதிகார இடைவெளி என்ற அளவையில், நாடுகளின் பண்பாட்டை ஒப்பிட்டு ஆராய்ந்த ஹோஃப்ஸ்டெட் இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40 கொடுத்தார். ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கணக்கு அது. பட்டறைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும், ஆளாளுக்குக் கருத்துச் சொல்வார்கள் என்று நம்பித் தயாரித்த அமெரிக்கக் கேள்விப் படிவம் இங்கே எடுபடாததற்குக் காரணம் விளங்கும்.

இவர்கள் முதலாளியிடம் பேசி முடித்து, அவர் அனுமதியோடு கணக்குப்பிள்ளையிடம் தனியாக உட்காருகிறார்கள், நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு. "அண்ணா, 80 டச் கொலுசு 10 கிலோ, சேதாரம் 2. கடைக்காரர் சுத்தக் கட்டி 5 கிலோ கொடுத்துட்டார். மிச்சத்த எந்தப் பக்கம் எழுதுவீங்க?" 80 டச் என்றால் நூற்றுக்கு 80 பங்கு சுத்த வெள்ளி. சேதாரம் 2 சேர்த்து 82 போட்டால் 8 கிலோ 200 சுத்த வெள்ளி, 5 போக 3 கிலோ 200 பாக்கி. அது வெள்ளியாகவே நிற்கும், கூலி ரூபாய்க்குத் தனிப் பத்தி. பொது பில்லிங் மென்பொருள் இந்த இடத்தில்தான் கவிழ்க்கிறது: பாக்கியை அன்றைய விலைக்கு ரூபாயாக்கிவிடும். விலை ஏறினால் அந்தப் பணத்துக்கு அதே வெள்ளி கிடைக்காது.

"பாத்துக்கலாங்க" என்ற பதிலை இவர்கள் சம்மதமாக எடுப்பதில்லை. முடிவாகாதது என்று குறித்து, திரையைத் தாளில் வரைந்துகொண்டு மறுபடி வருகிறார்கள். பாராட்ட வேண்டிய பழக்கம்.

குறையும் உண்டு. கேட்ட வசதிகளுக்கு 1 முதல் 5 வரை முன்னுரிமை போடச் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 1 விழுகிறது. "முதல் மாசம் மூணுதான் முடியும், எது எதுங்க?" என்று கேட்டால் வேலை நடக்கும். முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு, "பண்ணிடலாங்க" என்று இவர்களும் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நாள் தள்ளிப்போவது அதனால்தான். கையெழுத்து வாங்கும் ஆவணம் ஆங்கிலத்தில் இருப்பது பெரிய தப்பு.

கையெழுத்துக்கு முன், பழைய நோட்டில் ஒரு மாதத்துப் பக்கங்களை மாதிரித் திரையில் ஏற்றச் சொல்லுங்கள். வெள்ளிப் பாக்கி, ரூபாய்ப் பாக்கி இரண்டையும் கணக்குப்பிள்ளையே நோட்டோடு ஒத்துப் பார்க்கட்டும்.