எழுத்துக் கையேடா, திருத்திய கைப்பிரதியா?

எழுதும் முறையைக் கற்க எழுத்துக் கையேடு, ஓர் எழுத்தாளரின் அடித்தல் திருத்தலோடு கூடிய கைப்பிரதி இரண்டுமே உதவும், ஆனால் ஒரே வேலைக்கு அல்ல. கையேடு யோசனை, வரைவு, திருத்தம், மெய்ப்பு என்று வரிசை போட்டுத் தரும். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவருக்கு அது போதும். அப்புறம்தான் சிக்கல்: எழுத்து அந்த வரிசையில் நடப்பதில்லை. சொல்லவந்தது என்ன என்பதே பலருக்குத் திருத்தும்போதுதான் பிடிபடும்.

அதைக் கைப்பிரதிதான் காட்டும். கவிஞர் டி.எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' என்ற நெடுங்கவிதையின் வரைவுகள், சக கவிஞர் எஸ்ரா பவுண்டின் திருத்தங்களோடு, 1971-ல் அச்சில் வந்தன. நீளமாக இருந்த நான்காம் பகுதியில் கடைசியில் மிஞ்சியவை 10 வரிகள்தான்! ஏன் வெட்டினார்கள் என்பதைப் பெரும்பாலும் நாமே ஊகிக்க வேண்டும். அந்த ஊகம்தான் பயிற்சி என்பேன்.

ஒரு கட்டுரையாவது எழுதி முடித்தவர் கைப்பிரதியையே முதலில் எடுக்கலாம். கையேட்டை மெய்ப்புப் பார்க்கும்போது புரட்டினால் போதும்.