பிக்ஆக்ஸா எம்எம்பேசிக்கா: ஆண்ட், ஆர், நாட் எந்த வரிசையில் கணக்காகின்றன?

மாடித் தோட்டத்துப் பம்பை ஓட்டும் புரோகிராமை, பேசிக் மொழியில் எழுதும் பிக்ஆக்ஸ் சிப்பிலிருந்து எடுத்து, ராஸ்பெர்ரி பை பிகோ என்ற சின்ன போர்டில் எம்எம்பேசிக் என்ற இன்னொரு பேசிக்கில் மாற்றி எழுதிவிட்டேன். இரண்டும் பேசிக்தானே, எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்களிடம் நான் சொல்லும் காரணம் வேகமோ நினைவகமோ இல்லை. நிபந்தனையைச் சோதிக்கும் ஒரே இஃப் வரியில் ஆண்ட் (இரண்டும் உண்மையா), ஆர் (ஒன்றாவது உண்மையா), நாட் (உண்மை இல்லையா) எல்லாம் சேர்ந்து வந்தால் எது முதலில் கணக்காகும், அந்த வரிசையை நான் நினைத்தபடி மாற்ற முடியுமா, அவ்வளவுதான் கேள்வி.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். பிக்ஆக்ஸ் 08எம்2 எட்டே எட்டு பின் உள்ள சிப், பேட்டரியில் சிக்கனமாக ஓடும், ஆனால் கழித்தல் குறி இல்லாத முழு எண்கள் மட்டும்தான், அதுவும் 65535 வரைதான். எம்எம்பேசிக் ஆஸ்திரேலியாவின் ஜெஃப் கிரஹாம் 2011இல் மேக்ஸிமைட் என்ற சின்னக் கம்ப்யூட்டருக்காக எழுதியது, பிற்பாடு பிகோ வரை வந்து பிகோமைட் ஆனது. தசம எண், ஸ்ட்ரிங், பெரிய அரே எல்லாம் உண்டு. பிகோ போர்டு 2021இல் வந்தபோது விலை 4 டாலர். எனவே விலையை வைத்து இதில் சண்டை போட ஒன்றுமில்லை.

இனி வரிசை. பிக்ஆக்ஸில் விதி ஒன்றே ஒன்று: இடமிருந்து வலம். 2 + 3 * 4 என்று எழுதினால் 20 வரும், பள்ளியில் படித்த 14 வராது. அடைப்புக்குறியும் கிடையாது. இஃப் வரியிலோ ஒரு வேரியபிளை ஒரு மதிப்போடு ஒப்பிடலாம், அப்படிப்பட்ட ஒப்பீடுகளை ஆண்ட் அல்லது ஆர் போட்டு அடுக்கலாம், கணக்கு எதுவும் இருந்தால் அதை முந்தைய வரியிலேயே முடித்துக்கொண்டு வரவேண்டும். விதி எளிது, ஒரு நிமிடத்தில் மனப்பாடம் ஆகிவிடும், அதில் எனக்குக் குறை இல்லை.

எம்எம்பேசிக்கில் பெருக்கலும் வகுத்தலும் முதலில், அப்புறம் கூட்டலும் கழித்தலும், அப்புறம் ஒப்பீடுகள், கடைசியில் ஆண்ட், ஆர், எக்ஸார் (இரண்டில் ஒன்று மட்டும் உண்மையா). பழைய பேசிக் தெரிந்தவர்கள் இதைப் பார்த்ததும் தெரிந்த சங்கதிதான் என்று தாண்டிப் போய்விடுவார்கள், கவனிக்க வேண்டிய இடமே அதுதான். இந்தக் கடைசி மூன்றும் எம்எம்பேசிக்கில் ஒரே படியில் இருக்கின்றன. அதாவது அவற்றுக்குள் மட்டும் இடமிருந்து வலம். பழைய டாஸ் கம்ப்யூட்டர்களில் வந்த ஜிடபிள்யூ பேசிக்கில் ஆண்ட் முதலில், ஆர் பிறகு. இன்டெல் 8052 சிப்பில் வந்த பேசிக்கில்கூட ஆண்ட், ஆர், எக்ஸார் மூன்றும் தனித்தனிப் படிகள்.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. என் பம்ப் வரியையே பாருங்கள்:

இஃப் சுவிட்ச் = 1 ஆர் ஈரம் < 30 ஆண்ட் தொட்டி > 20 தென் பம்ப் = 1

சுவிட்ச் போட்டாச்சு, மண் ஈரமாகத்தான் இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் இல்லை. ஜிடபிள்யூ பேசிக் கணக்கில் ஆண்ட் முதலில் முடிந்து, சுவிட்ச் தனியாக நின்று, பம்ப் ஓடும். தண்ணீரில்லாமல் ஓடும் பம்ப் எத்தனை நாள் தாங்கும்? எம்எம்பேசிக்கில் சுவிட்சும் ஈரமும் முதலில் சேர்ந்துகொள்ளும், தொட்டிச் சோதனை இரண்டுக்கும் பொதுவாகிவிடும், பம்ப் ஓடாது. நமக்கு வேண்டியது இதுதான். ஆனால் அதே மூன்று நிபந்தனைகளைத் தொட்டியில் ஆரம்பித்து எழுதுங்கள்:

இஃப் தொட்டி > 20 ஆண்ட் ஈரம் < 30 ஆர் சுவிட்ச் = 1 தென் பம்ப் = 1

இப்போது எம்எம்பேசிக்கிலும் காலித் தொட்டியில் பம்ப் ஓடும். ஜிடபிள்யூ பேசிக்கில் இந்த இரண்டு வரிகளுக்கும் ஒரே அர்த்தம், இங்கே எழுதிய வரிசையே அர்த்தத்தை மாற்றிவிடுகிறது.

அப்படியென்றால் பிக்ஆக்ஸைவிட எம்எம்பேசிக் எப்படி மேல்? அடைப்புக்குறி. சுவிட்சையும் ஈரத்தையும் ஒரு ஜோடி அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் முன்னுரிமைப் பட்டியல் எதுவாக இருந்தாலும் கவலை இல்லை, எந்தப் பக்கத்திலிருந்து எழுதினாலும் விடை ஒன்றுதான். இந்த மாதிரி புரோகிராமை ஒருமுறை எழுதிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவோம், மறுபடி திறப்பது மழை சென்சார் சேர்க்கும்போதோ ஒரு ரிலேயை மாற்றும்போதோதான், அதற்குள் எந்த மொழியில் எது முதலில் என்பதெல்லாம் மறந்து போயிருக்கும். அந்த நேரத்தில் வரியைப் பார்த்த உடனே எது எதோடு சேர்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். என்னைப் பொறுத்தவரை மற்ற வசதிகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

பிக்ஆக்ஸில் இதே வேலையை நான் எப்படிச் செய்துகொண்டிருந்தேன் என்றால், ஆண்டையும் ஆரையும் ஒரே வரியில் கலப்பதே இல்லை. ஒரு தற்காலிக வேரியபிளை 0 ஆக்கு, சுவிட்சோ ஈரமோ பொருந்தினால் 1 ஆக்கு, அடுத்த வரியில் அது 1, தொட்டியிலும் தண்ணீர் உண்டு என்றால் பம்பைப் போடு. வேலை செய்யும், சந்தேகமே இல்லை. படிப்படியாக எழுத வைப்பதால் தொடங்குபவர்களுக்கு இதுவே பாதுகாப்பு என்று சொன்னால்கூட ஒப்புக்கொள்வேன். ஆனால் நிபந்தனை கூடக்கூட தற்காலிக வேரியபிள்களும் கூடுகின்றன, 08எம்2வில் மொத்தமே 28 பைட்டுதான் அதற்கு இடம். மழை சென்சார் ஒன்று சேர்க்க எந்த வரியைத் தொட வேண்டும் என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடுகிறது.

எம்எம்பேசிக்கைத் தூக்கி வைத்துப் பேசிவிட்டேன், அதன் குழிகளையும் சொல்ல வேண்டும். முதலாவது நாட். இஃப் நாட் நிலை = 3 என்று எழுதினால் நாட் பக்கத்தில் நிற்கும் நிலையை மட்டும் பிடித்துக்கொள்ளும். விடை 0 அல்லது 1, அது 3க்குச் சமமாக எந்தக் காலத்திலும் ஆகாது. ஜிடபிள்யூ பேசிக்கில் ஒப்பீடு முடிந்த பிறகுதான் நாட், அதனால் அங்கே இதே வரி ஒழுங்காக ஓடும். பழைய புத்தகத்தில் இருந்து புரோகிராம் எடுத்துப் போடுபவர்கள் நாட் வரும் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, ஆண்ட், ஆர், எக்ஸார் மூன்றும் பிட் அளவில், அதாவது எண்ணை 0, 1 என்ற இலக்கங்களாக உடைத்து வேலை செய்பவை. 1 ஆண்ட் 2 என்றால் 0, இரண்டிலும் பொதுவான பிட் இல்லை. இரண்டு வேரியபிளிலும் ஏதோ மதிப்பு இருக்கிறதே என்று ஒப்பீடு இல்லாமல் ஆண்ட் போட்டால் ஏமாற்றம்தான். கொடிகள் என்ற வேரியபிளின் ஒவ்வொரு பிட்டிலும் ஒரு ஆம்/இல்லை வைத்திருக்கிறோம் என்றால், இதைவிட மோசம் கொடிகள் ஆண்ட் 4 = 4 என்ற வரி. ஒப்பீடு முதலில் என்பதால் 4 = 4 உண்மையாகி, எம்எம்பேசிக்கில் அது 1, ஆக மூன்றாவது பிட்டைப் பார்க்க நினைத்த வரி முதல் பிட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். உண்மைக்கு மதிப்பு -1 ஆக இருக்கும் ஜிடபிள்யூ பேசிக்கிலோ எந்த பிட் ஏறியிருந்தாலும் சரி என்று சொல்லிவிடும். பிக்ஆக்ஸில் பி0 பைட்டின் ஒவ்வொரு பிட்டுக்கும் தனிப் பெயரே உண்டு, பிட்2 = 1 என்று நேராகக் கேட்டுவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் பிக்ஆக்ஸ் ஜெயித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சி மொழியில் எழுதிப் பழகியவர்களுக்கு இன்னொன்று. ஆண்டின் இடப்பக்கம் பொய் என்று தெரிந்தாலும் எம்எம்பேசிக் வலப்பக்கத்தை விடாது, அதையும் கணக்கிடும். எண்ணிக்கை <> 0 ஆண்ட் மொத்தம் / எண்ணிக்கை > 5 என்று பாதுகாப்பாக எழுதியதாக நினைத்துக்கொண்டிருப்போம், எண்ணிக்கை 0 ஆன அன்றைக்கு வகுத்தல் பிழை வந்து புரோகிராம் நின்றுவிடும். அரேயின் எல்லையைச் சோதிக்கும் வரியும் இப்படியே. இங்கே அடைப்புக்குறியும் உதவாது, ஒரு இஃபுக்குள் இன்னொரு இஃப் போடுவதுதான் வழி. பிக்ஆக்ஸின் இஃப் வரியில் கணக்குக்கே இடமில்லை என்பதால் இந்தத் தொல்லை அங்கே எழுவதில்லை.

சிப்புகளுக்கான மற்ற பேசிக்குகளை நான் ஆழமாகத் தொட்டதில்லை, சின்னச் சின்ன சர்க்யூட்டுகளில் ஓட்டிப் பார்த்ததோடு சரி, அதனால் சுருக்கமாக. பாராலாக்ஸின் பேசிக் ஸ்டாம்ப் 2 பிக்ஆக்ஸ் போலவே இடமிருந்து வலம் கணக்கிடும், ஆனால் அடைப்புக்குறி உண்டு. கணக்கு வரிகளைப் பொறுத்தவரை எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஏவிஆர் சிப்புகளுக்கான பாஸ்காம் ஏவிஆரில் ஒரு கணக்கு வரிக்கு ஒரே ஒரு குறிதான், மூன்று எண்களைக் கூட்ட இரண்டு வரி எழுத வேண்டும். அந்தக் கண்டிப்பு பிடித்தவர்களும் இருக்கிறார்கள், நான் அந்த ரகம் இல்லை.

கையில் இருக்கும் பேசிக் எந்த ரகம் என்று தெரிய வேண்டுமானால் பிரின்ட் 1 ஆர் 0 ஆண்ட் 0 என்று அடித்துப் பாருங்கள். 1 வந்தால் ஆண்டுக்கு முன்னுரிமை, 0 வந்தால் இடமிருந்து வலம். பிகோமைட்டில் இதைப் புரோகிராமே எழுதாமல் நேரடியாக அடிக்கலாம், 0 வரும்.