முட்டு எடுக்க எதை நம்புவது: நாள் கணக்கு, கியூப், சென்சார்

1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் வில்லோ ஐலண்டில், கட்டிக்கொண்டிருந்த குளிர்விப்புக் கோபுரத்தின் உச்சி சரிந்து 51 தொழிலாளர்கள் இறந்தார்கள். முந்தின நாள் ஊற்றிய காங்கிரீட், குளிரில் போதிய பலம் பெறுமுன்பே அதன்மேல் சாரத்தின் பளு ஏறிவிட்டது.

நம் ஊரில் காங்கிரீட் தளம் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங்கையும் அதன் முட்டுக் கால்களையும் பிரிப்பது பெரும்பாலும் நாள் கணக்கில்தான். தாங்கல்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள் என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. ஆனால் அது சாதாரண சிமென்ட்டுக்கு, அதுவும் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கு. மார்கழி ஊட்டிக்கு ஒத்துவராது. சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட்டுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதில் முதல் நாள்களில் பலம் மெதுவாகத்தான் ஏறும்.

அதே கலவையில் வார்த்த கனசதுரக் கட்டியை உடைத்துப் பலம் பார்க்கும் கியூப் டெஸ்ட் நம்பகமானது. ஆனால் கியூப் 27 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிறது, தளம் மாடிக் காற்றில் கிடக்கிறது. கலவை நல்லதா என்று கியூப் சொல்லும். தளம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லாது.

அதைச் சொல்வது தளத்துக்குள் வைக்கும் வெப்ப சென்சார். காங்கிரீட் பலம் ஏறுவது வெப்பத்தையும் நேரத்தையும் பொறுத்தது. அதனால் வெப்பத்தை மணி நேரத்தால் பெருக்கி, கூட்டிக்கொண்டே வர வேண்டும். 25 டிகிரியில் 24 மணி நேரம் என்றால் 600. அதே 600ஐ எட்ட 15 டிகிரியில் 40 மணி நேரம் ஆகும்! கம்பியில் கட்டிப் புதைக்கிற புளூடூத் சென்சார்கள் விலைக்குக் கிடைக்கின்றன. வசதிதான், ஆனால் புதைத்தது திரும்ப வராது. சின்ன வேலைக்கு டிஎஸ்18பி20 என்ற வெப்ப சென்சாரும், அதன் அளவைப் பதிந்து வைஃபையில் அனுப்பும் இஎஸ்பி32 என்ற சின்ன போர்டும் போதும். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஈரக் காங்கிரீட் ரேடியோ அலையை விழுங்கிவிடும் என்பதால் போர்டை வெளியே பெட்டியில் வைத்து, சென்சார் முனையை மட்டும் புதையுங்கள். போர்டு அடுத்த தளத்துக்கும் ஆகும்.

என் தேர்வு இதுதான், ஆனால் கியூபோடு சேர்த்து. அதே கலவையில் கியூப் போட்டு, வெவ்வேறு நாளில் உடைத்து, எந்த எண்ணுக்கு எவ்வளவு பலம் என்று முதலில் வரைந்துகொள்ள வேண்டும். சிமென்ட் மாறினால் மறுபடியும் வரைய வேண்டும். கலவையில் கூடுதலாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சென்சாருக்குத் தெரியாது. சரி, இவ்வளவு சிரமம் எதற்கு? பிபிசியில் பலம் ஏறுமோ என்ற பயத்தில் கூடுதல் மூட்டை போடுகிறோமே, அந்தப் பயம் போகும். சிமென்ட் குறைந்தால் கரியமில வாயுவும் குறையும்.

அப்புறம், முனையைத் தளத்தின் நடுவில் மட்டும் வைக்காதீர்கள். காற்று அடிக்கிற ஓரத்திலும் ஒன்று கட்டுங்கள். எண் மெதுவாக ஏறுவது அங்கேதான். முட்டு எடுக்கும் நாளை அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.