எல்டிஸ்பைஸில் மின்பொறியை வரைந்து பார்த்த ஆறு வருடங்கள்

ஐப்பசி இடி தொடங்கினால் திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் என் பட்டறைக்கு யானைவேலிப் பெட்டிகள், அதாவது யானையை விரட்ட வேலிக் கம்பிக்கு மின்துடிப்புக் கொடுக்கும் பெட்டிகள், வரத் தொடங்கும். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வயல்காரர்கள் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார்கள். "தம்பி, முந்தாநாள் இடிச்ச இடியில பெட்டி செத்துப்போச்சு" என்பார்கள். பெட்டி திரும்பக் கிடைக்கும்வரை அவர்கள் யானை வெடியோடு இரவு முழுக்க வயலில் இருக்க வேண்டும். அதனால்தான் எரிந்த பாகத்தை மாற்றிக் கொடுப்பதோடு நிறுத்தாமல், அது ஏன் எரிகிறது என்று பார்க்க, மின்சுற்றைக் கணினியில் வரைந்து ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸ் மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

முதல் இரண்டு மாதமும் வாயுக் குழாயை ஒரு சுவிட்சாக வரைவதிலேயே போனது. இடியின் மிகை மின்னழுத்தம் வந்தால் உள்ளே பொறி பற்றி, அதை எர்த்துக்குக் கடத்திப் பெட்டியைக் காக்கும் சிறு பாகம் அது. 230 வோல்ட்டில் மூடு, 15 வோல்ட்டுக்குக் கீழே திற என்று கொடுத்தேன். வரைபடத்தில் குழாய் தையல் இயந்திரம் மாதிரித் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. காரணம் எளிது. சுவிட்ச் மூடியவுடன் அதன் குறுக்கே இருக்கும் மின்னழுத்தம் விழுந்துவிடும், உடனே அது திறந்துவிடும். உண்மையான குழாயை அணையவிடாமல் வைத்திருப்பது அழுத்தம் அல்ல, அதன் வழியே ஓடும் மின்னோட்டம்.

இதற்கு நான் கண்ட வழி இன்றைக்கும் என்னோடு இருக்கிறது. குழாயின் அழுத்தத்தை உடைவழுத்தத்தால் (பொறி பற்றும் அழுத்தம்) வகுக்க வேண்டும், மின்னோட்டத்தைத் தாங்கு மின்னோட்டத்தால் (அணையாமல் இருக்க வேண்டிய குறைந்தபட்ச மின்னோட்டம்) வகுக்க வேண்டும். இரண்டின் குறியையும் நீக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை 1ஐத் தாண்டினால் சுவிட்சை மூடவிட வேண்டும். பற்றுவதற்கு முன் அழுத்தம் பேசும், பற்றிய பின் மின்னோட்டம் பேசும். சுவிட்சோடு தொடராக 15 வோல்ட் அளவில் வில்லழுத்தம் (பற்றிய பின் குழாயின் குறுக்கே நிற்கும் அழுத்தம்) ஒன்றையும் வைத்தேன். மென்பொருளோடு வரும் நியான் விளக்கு மாதிரியையும் முயன்றேன். மெல்லிய ஒளிர்வுக்கு அது சரி, ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும் வில்லுக்கு அது போதாது.

அப்புறம் ‘டைம் ஸ்டெப் டூ ஸ்மால்’ என்ற செய்தி, நேரப் படியை இதற்குமேல் சிறிதாக்க முடியாமல் கணக்கு நின்றுவிட்டது என்று பொருள். இதைப் பார்த்து மென்பொருளைத் திட்டாதீர்கள். கணநேரத்தில் கோடி மடங்கு மாறும் ஒரு ரெசிஸ்டரைக் கொடுத்தால் எந்தக் கணிப்பானும் திணறும். உண்மையான குழாய்க்கு 1 பிகோஃபாரட் அளவில் கொள்ளளவும், அதன் கால்களுக்குச் சில நானோஹென்றி இண்டக்டன்ஸும் உண்டு. அவற்றை வரைந்து, சுவிட்சின் ஹிஸ்டெரிசிஸை (மூடும் அளவுக்கும் திறக்கும் அளவுக்கும் இடையிலான இடைவெளியைக் குறிக்கும் எண்ணை) எதிர்க்குறியில் கொடுத்து மாற்றத்தை வழவழப்பாக்கினேன். பெரும்பாலும் அதோடு தீர்ந்தது. இயற்கையில் இருப்பதை விட்டுவிட்டு வரைந்தது என் பிழைதான்.

ஆனால் என் கண்ணைத் திறந்தது காலதாமதம். 230 வோல்ட் என்று அச்சடித்த குழாய், விநாடிக்கு 100 வோல்ட் வீதம் மெதுவாக ஏற்றினால்தான் 230இல் பற்றும். மைக்ரோ விநாடிக்கு 1 கிலோவோல்ட் ஏறும் அலைக்கு அது 700 வோல்ட் அளவில்தான் பற்றும் என்று தரவுத்தாள்களிலேயே இருக்கிறது. வாயுவுக்குள் முதல் எலக்ட்ரான் கிடைக்கவும், அது மோதி மோதிப் பலவாகப் பெருகும் சரிவு வளரவும் நேரம் வேண்டும். அந்த இடைவேளையில் பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டர் செத்துவிடும். என் மாதிரியில் அழுத்தப் பகுதியை மட்டும் 0.8 மைக்ரோ விநாடி ஆர்சி வடிகட்டி (ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் சேர்ந்து தாமதப்படுத்துவது) வழியே அனுப்பினேன், 700 வோல்ட் அச்சாக வந்தது. அதைவிடச் செங்குத்தான அலைக்கு இது மிகைப்படுத்திச் சொல்லும் என்பதை மறக்கக்கூடாது.

பெட்டிக்கு மின்சாரம் தரும் சூரியத் தகட்டுப் பக்கம் இன்னொன்று தெரிந்தது. பன்னிரண்டு வோல்ட் தகடு என்றாலும் சுமை இல்லாதபோது 20 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். குழாயின் வில்லழுத்தம் அதைவிடக் குறைவு. ஒரு இடிக்குப் பற்றிய குழாய், வெயில் இருக்கும்வரை தகட்டின் மின்னோட்டத்திலேயே எரிந்துகொண்டிருக்கலாம். மாறுமின்னோட்டத்தில் அலை பூச்சியத்தைக் கடக்கும்போது அணைய வாய்ப்புக் கிடைக்கும், நேர்மின்னோட்டத்தில் அது இல்லை. அன்றிலிருந்து குழாயோடு தொடராக, அழுத்தம் குறைந்ததும் மின்னோட்டத்தை அடைத்துவிடும் ஒரு வேரிஸ்டர் இல்லாமல் நான் பெட்டியை மூடுவதில்லை.

எல்லாவற்றையும்விட எர்த் கம்பிக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும். கம்பிக்கு மீட்டருக்கு 1 மைக்ரோஹென்றி என்று போட்டுப் பார்த்தேன். 5 கிலோ ஆம்பியர் 8 மைக்ரோ விநாடியில் ஏறினால் 3 மீட்டர் கம்பியில் மட்டும் ஏறத்தாழ 1,900 வோல்ட் நிற்கிறது. குழாய் ஒழுங்காக வேலை செய்தும் பெட்டி எரிந்த மர்மம் அங்கேதான் இருந்தது. தம்பலகாமத்து ஐயா ஒருவர் சுருட்டி வைத்திருந்த மிச்சக் கம்பியை வெட்டி அரை மீட்டராக்கினேன். அவர் அதற்குப் பிறகு இடிக்காகப் பெட்டியைக் கொண்டுவரவில்லை.

வேலிப் பக்கத்தில் இடி பாய இரண்டு போல்ட்களுக்கு நடுவே விடும் காற்று இடைவெளியில் மட்டும் மென்பொருளை முழுக்க நம்பாதீர்கள். காற்று உடைய மில்லிமீட்டருக்கு 3 கிலோவோல்ட் வேண்டும் என்ற கணக்கில், வேலியின் 8 கிலோவோல்ட் துடிப்புக்குப் பற்றாமல் இருக்கட்டும் என்று போல்ட்களை 5 மில்லிமீட்டர் விட்டு வைத்தேன். சிமுலேஷனில் அருமை. நிலாவெளியில் கடற்காற்று ஒரே வருடத்தில் போல்டைத் துருவாக்கி, உப்புப் படலமும் எறும்புக் கூடுமாகச் சேர்த்து, ஒவ்வொரு துடிப்புக்கும் டிக் டிக் என்று பொறி விழவைத்தது. இப்போது துருப்பிடிக்காத எஃகு போல்ட், முனையை அரத்தால் உருட்டியது, மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. ஆடி மாதம் ஒருதரம் துடைக்கச் சொல்லிக் கொடுப்பேன்.

இடைவெளியை நெருக்கி 230 வோல்ட்டுக்குக் கொண்டுவரலாமா என்று ஒருவர் கேட்டார். முடியாது. 1889இல் பாஷன் கண்ட விதிப்படி காற்று எவ்வளவு நெருங்கினாலும் சுமார் 327 வோல்ட்டுக்குக் கீழே உடையாது. அதற்காகத்தான் குழாய்க்குள் வேறு வாயுவை அடைக்கிறார்கள்.

தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. விநாடிக்கு ஒரு துடிப்பையும் நானோ விநாடிப் பொறியையும் ஒரே ஓட்டத்தில் பார்க்க முயல வேண்டாம், கோப்பு ஜிகாபைட் கணக்கில் வீங்கும். இடி விழும் 200 மைக்ரோ விநாடியை மட்டும், உச்சப் படியை (மென்பொருள் ஒரு தடவையில் தாண்டக்கூடிய அதிகபட்ச நேரத்தை) 5 நானோ விநாடியாக வைத்து ஓட்டுங்கள்.