ரிடையர் ஆனவங்க கவனத்துக்கு: 1,50,000-னு எழுதிக் குடுத்தா அது எந்த ஊரு காசுன்னு மொதல்ல கேளுங்க

நான் திருமங்கலம் பக்கம் ஒரு எய்டட் ஸ்கூல்ல 31 வருஷம் டீச்சரா இருந்து 2024 மே மாசம் ரிடையர் ஆனேன். எங்க வீட்டுக்காரர் போக்குவரத்துக் கழகத்துல டெப்போ வேலை, அவரு எனக்கு நாலு வருஷம் முன்னாடியே ரிடையர். பையன் பெங்களூர்ல இருக்கான். கூடப்பிறந்தவ ஒரே அக்கா, அவ வாக்கப்பட்டு மலேசியா ஈப்போவுக்குப் போயி 38 வருஷமாச்சு. மாமா தவறினதுக்கு அப்புறம் அவ்வளவு பெரிய வீட்ல ஒத்தையில கெடக்கா, மகனுக்கு கோலாலம்பூர்ல வேலை, லீவுக்குத்தான் வருவான். "ரிடையர் ஆனதும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு இங்கிட்டு வந்துருடி, இருக்குற காலத்த ஒண்ணா இருந்து கழிப்போம்"னு போன்ல ஒவ்வொரு தடவையும் சொல்லுவா. எங்களுக்கும் அதுதான் ஆசை. அந்த ஆசையில ஒருத்தன் எங்ககிட்ட 4,79,000 ரூபா வாங்கிட்டான். அது எப்படி நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம சொல்றேன், ஏன்னா அதே ஆள் இன்னும் வேற போன் நம்பர்ல ரிடையர் ஆனவங்களத் தேடித் தேடிப் பிடிச்சிட்டு இருக்கான்.

ஜூன் கடைசில பென்ஷன் விஷயமா கருவூலத்துக்குப் போயிருந்தேன். வாசல்ல ஒரு பையன் நோட்டீஸ் குடுத்துட்டு நின்னான். ரெட்டைக் கோபுரம் படம் போட்ட கலர் நோட்டீஸ், "ஓய்வுக்குப் பின் மலேசியா, 50 வயது போதும், 10 வருட விசா"ன்னு இருந்துச்சு. இப்ப யோசிச்சா அந்த இடத்துல நின்னு குடுத்ததே கணக்குப் பண்ணித்தான், அங்க வர்றவங்க கையில கிராஜுவிட்டி கம்யூட்டேஷன்னு அப்பதான் பணம் வந்திருக்கும்.

நோட்டீஸ்ல போட்டிருந்த ஆபீஸ் மதுரை காளவாசல் தாண்டி பைபாஸ் ரோட்டுல ஒரு மாடில. ஏசி, கண்ணாடி டேபிள், சுவத்துல ஃப்ரேம் போட்ட சர்டிபிகேட். "கவர்மெண்ட் ரெஜிஸ்டர்டும்மா, பாருங்க"ன்னு அங்க இருந்த ஏஜென்ட் அதத்தான் கை காட்டினாப்ல. பின்னாடி என் பையன் பாத்துட்டு சொன்னான், அது உத்யம் சர்டிபிகேட்டாம், சிறு தொழில் நடத்துறேன்னு யாரு வேணும்னாலும் ஆன்லைன்ல ஃப்ரீயா பதிஞ்சு எடுத்துக்கலாம், விசாவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆளுக்கு முப்பத்தஞ்சு வயசு இருக்கும், நல்ல பேச்சு. "நானும் டீச்சர் மகன்தாம்மா, எங்க அம்மாவுக்கு செய்ற மாதிரி செஞ்சு தர்றேன்"னு சொன்னாப்ல. அந்த ஒரு வார்த்தைக்கு நான் எளகிட்டேன்.

திட்டத்துக்குப் பேரு மலேசியா மை செகண்ட் ஹோம், சுருக்கமா எம்எம்2ஹெச்ம்பாங்க. உண்மையிலேயே இருக்குற திட்டம்தான், 2002ல இருந்து நடக்குது. அந்த ஆளு ஒரு வெள்ளப் பேப்பர எடுத்து பச்சை மை பேனாவுல "எஃப்டி – 1,50,000"ன்னு எழுதி அடியில ரெண்டு கோடு போட்டு, "இத அங்க ஒரு பேங்க்ல போட்டு வச்சாப் போதும்மா, உங்க பணம் உங்க பேர்லதான் இருக்கும், வட்டியும் வரும்"னு சொன்னாப்ல. நான் ரிங்கிட்டான்னு கேட்டேன். "ஆமாம்மா, மலேசியாவுல வேற என்ன காசு"ன்னு சிரிச்சாப்ல. அப்ப ஒரு ரிங்கிட் ஏறக்குறைய 18 ரூபா, வீட்டுக்கு வந்து நாங்க ரெண்டு பேரும் கணக்குப் போட்டோம், இருபத்தேழு லட்சம் வருது, ரெண்டு பேரு ரிடையர்மென்ட் பணத்தையும் சேத்தா எட்டிரும். அன்னைக்கு ராத்திரியே அக்காவுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன், அவ அழுதுட்டா.

இப்ப உண்மை என்னன்னு கேளுங்க. 50 வயசுக்கு மேல இருந்தா 1,50,000 ரிங்கிட் டெபாசிட், மாசம் 10,000 ரிங்கிட் வருமானம், 10 வருஷ விசா, இதெல்லாம் பழைய ரூல். 2021லயே அத எடுத்துட்டு மாசம் 40,000 ரிங்கிட் வருமானம் காட்டணும், 10 லட்சம் ரிங்கிட் டெபாசிட் போடணும்னு ஏத்திட்டாங்க. திரும்ப 2024 ஜூன்ல மாத்தி சில்வர், கோல்டு, பிளாட்டினம்னு பிரிச்சாங்க. அதுல ரொம்பக் கீழ இருக்குற சில்வருக்கே 1,50,000 அமெரிக்க டாலர் டெபாசிட். அதுக்கும் மேல 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாம அங்க ஒரு வீடு வாங்கியாகணும். அம்புட்டும் செஞ்சா கிடைக்கிறது 5 வருஷ விசா. நம்பர் பாருங்க, பழசுலயும் 1,50,000, புதுசுலயும் 1,50,000, காசு மட்டும் வேற. டாலர்ல போட்டா ஒண்ணே கால் கோடி ரூபா, வீட்டுக்கு இன்னொரு கோடிக்கு மேல. ரெண்டு பென்ஷன்காரங்க எங்கிட்டுப் போறது? நாங்க அந்த மாடிப்படி ஏறினப்ப புது ரூல் வந்து ஒரு மாசம்கூட ஆகல, அந்த ஆளுக்கு அது நல்லாவே தெரியும், அதனாலதான் அந்தப் பேப்பர்ல காசு பேரே எழுதல.

பணம் மூணு தவணையா போச்சு. ரெஜிஸ்ட்ரேஷன்னு 60,000, ஃபைல் ஓப்பனிங்னு 2 லட்சம், "கோட்டா முடியப் போகுது, ரெண்டு நாள்ல பிளாக் பண்ணணும்மா"ன்னு இன்னொரு 2 லட்சம். மொத ரெண்டும் ரொக்கம், மூணாவது ஜிபேல, அதுவும் கம்பெனி அக்கவுண்டுக்கு இல்ல, யாரோ ஒரு பொம்பளைப் பேருக்கு. பில்லு கேட்டதுக்கு ஒரு வவுச்சர் கிழிச்சுக் குடுத்தாப்ல, "கன்சல்டன்சி சார்ஜ்"னு போட்டு அடியில எறும்பு ஊர்ற சைஸ் எழுத்துல "திருப்பித் தரப்படாது"ன்னு அச்சடிச்சிருக்கு. கண்ணாடி போட்டும் அன்னைக்கு நான் அத வாசிக்கல.

அதோட விட்டாப்லயா, என்ட்ரி பெர்மிட்னு ஆளுக்கு 8,000, டிஜிட்டல் கார்டுன்னு ஆளுக்கு 1,500. இத நல்லா மனசுல வச்சுக்கங்க. 2023 டிசம்பர் 1ல இருந்து இந்தியாக்காரங்க சுற்றுலாவா, சொந்தக்காரங்களப் பாக்கப் போனா மலேசியாவுல விசாவே வேணாம், 30 நாள் இருக்கலாம், பெர்மிட்னு ஒரு பேப்பரும் கிடையாது. டிஜிட்டல் அரைவல் கார்டு இருக்கு, ஆனா அத மலேசிய இமிகிரேஷன் சைட்ல நம்மளே ஃப்ரீயா போடலாம், அதுவும் போய் இறங்குறதுக்கு மூணு நாளைக்குள்ளதான் போடணும். எங்கள நவம்பர்ல கெளம்பச் சொல்லிட்டு, இதுக்கு ஆகஸ்ட்லயே காசு வாங்கிட்டு "போட்டாச்சும்மா"ன்னு சொன்னாப்ல.

நடுவுல இன்னொண்ணும் நடந்துச்சு. நான் பேங்க்ல போய் மேனேஜர்கிட்ட வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புறது எப்படின்னு கேட்டேன், அவரு பொறுமையா சொன்னாரு, ரிசர்வ் பேங்க் ரூல்படி ஒரு ஆள் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரைக்கும் அனுப்பலாம், ஆனா 7 லட்சத்துக்கு மேல போற தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ்னு வரி முன்கூட்டியே பிடிப்போம், அத நீங்க வருமான வரிக் கணக்குல கழிச்சுக்கலாம்னு (அந்த 7 லட்சம் 2025 ஏப்ரல்ல இருந்து 10 லட்சம் ஆயிருச்சு). இத அந்த ஆள்கிட்ட சொன்னதும், "பேங்க் வழியா எதுக்கும்மா, எங்ககிட்ட குடுங்க, அங்க நம்ம ஆளு ரிங்கிட்டா போட்டுருவான்"ங்குறாப்ல. அது பச்சையா உண்டியல், பேங்க் வழியா இல்லாம சட்டத்துக்குப் புறம்பா பணம் அனுப்புறது. எங்க வீட்டுக்காரர் அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தவரு, "அது மட்டும் வேணாம் தம்பி, நாங்க பேங்க்லயே அனுப்பிக்கிறோம்"னு எந்திரிச்சிட்டாரு. அந்த நேரத்துல அவரு எந்திரிக்கலேன்னா இருபத்தேழு லட்சமும் போயிருக்கும்.

செப்டம்பர் கடைசில வாட்ஸாப்ல லெட்டர் வந்துச்சு. அப்ரூவல் லெட்டர்ங்குறாப்ல. மலேசிய அரசு சின்னம், மலாய்ல ரெண்டு பத்தி, சீல், கையெழுத்து எல்லாம் இருந்துச்சு. நாங்க அத பிரிண்ட் எடுத்து சாமி படத்துக்கிட்ட வச்சோம். அக்காவுக்கும் அனுப்பினேன், அவ மகனுக்கு அனுப்பினா. அவன் ராத்திரி பத்து மணிக்கு மேல போன் பண்ணான்.

"சித்தி, லெட்டர்ல தேதி என்ன போட்டிருக்குன்னு பாருங்க."

16.09.2024ன்னு இருந்துச்சு. திங்கக்கிழமை.

"சித்தி, செப்டம்பர் 16 இங்க மலேசியா டே. நாடு முழுக்க லீவு. எந்த ஆபீஸ்ல உக்காந்து இத அடிச்சான்?"

1963ல சபா, சரவாக், சிங்கப்பூர் எல்லாம் சேந்து மலேசியான்னு ஆன நாள் அது. நம்ம ஊர்ல அன்னைக்கு சாதாரண வேலை நாள், அடிச்சவனுக்கு அது தெரியல. மலாய்லயும் எழுத்துப் பிழை இருக்குன்னான். அப்புறம் ஒண்ணு கேட்டான், "உங்க ஏஜென்ட் இங்க எந்த கம்பெனி மூலமா போட்டாரு?" நான் பேரச் சொன்னேன். எம்எம்2ஹெச் அப்ளிகேஷன் மலேசிய சுற்றுலா அமைச்சகம் லைசென்ஸ் குடுத்த ஏஜென்சி மூலமாத்தான் போடணுமாம், அந்த ஏஜென்சிங்க லிஸ்ட் அமைச்சகத்து சைட்லயே இருக்கு. போன வச்சுக்கிட்டே தேடினான். அந்தப் பேரு இல்ல. அப்பதான் டாலர் விஷயமும் வெளிய வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல யாரும் சாப்பிடல.

மறுநாள் வெள்ளனே போனோம். லெட்டர் பத்திக் கேட்டா "சிஸ்டம்ல தானா வர்ற லெட்டர்மா, லீவு நாள்லயும் வரும்"ங்குறாப்ல. பச்சை மை பேப்பர எடுத்துக் காட்டினேன். "நான் டாலர்னுதாம்மா சொன்னேன், நீங்க ரிங்கிட்டுன்னு நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்றது." என் முகத்தப் பாத்து சொன்னாப்ல. மொத நாள் அம்மா அம்மான்னு பேசின அதே வாய்.

இதுல பணத்தவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருந்துச்சு, அத நெனச்சா இப்பவும் எனக்கு வயித்தக் கலக்குது. நவம்பர்ல ஒன்வே டிக்கெட்ல போங்க, ரிட்டர்ன் வேணாம், போய் இறங்கினதும் விசா ஸ்டாம்ப் அடிச்சுக்கலாம், லேட்டானாலும் அங்கயே இருங்க நாங்க பாத்துக்குறோம்னு சொல்லி வச்சிருந்தாப்ல. ரிட்டர்ன் டிக்கெட் இல்லாம போனா ஏர்போர்ட்டுல இருந்தே "நாட் டு லேண்ட்"னு, அதாவது உள்ள விடக் கூடாதுன்னு போட்டு அடுத்த ஃப்ளைட்ல திருப்பி அனுப்பவும் வாய்ப்பிருக்கு. தப்பித் தவறி உள்ள விட்டு 30 நாளுக்கு மேல ஒரு நாள் தங்கினாலும் அது குற்றம், அபராதமும் ஜெயிலும் இருக்கு. முட்டி வலியோட இருக்குற மனுசன அங்க லாக்கப்புல உக்கார வச்சிருப்பாங்களே.

போலீஸ் பக்கம் சொல்றேன். மொதல்ல ஸ்டேஷன்ல "இது சிவில் மேட்டர், நீங்களாக் குடுத்த காசு"ன்னுதான் சொன்னாங்க. நான் நகரல. போலி லெட்டர் குடுத்து ஏமாத்தினது சிவில் இல்ல, பாரதிய நியாய சன்ஹிதா 318, பழைய 420, அதச் சொல்லி எழுதிக் குடுத்து, புகார் வாங்கிக்கிட்டோம்னு குடுக்குற சிஎஸ்ஆர் ரசீது வாங்கினேன். கமிஷனர் ஆபீஸ்லயும் மனு குடுத்தோம். ஸ்டேஷன்ல கூப்பிட்டு விசாரிச்சதும் ரெண்டு தடவையா 1,20,000 திருப்பிக் குடுத்தாப்ல, அதோட சரி, தீபாவளி முடிஞ்சு போய்ப் பாத்தா மாடில வேற கடை. மிச்சத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட்டிருக்கோம். நாம குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா அங்க ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாமயும் நாமளே போடலாம், ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாகணும். ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வவுச்சர், வாட்ஸாப் பேச்சு எல்லாத்தையும் பையன் தேதி வாரியா அடுக்கிக் குடுத்தான். ரொக்கமா குடுத்தது முழுசுக்கும் ஆதாரம் காட்டத்தான் பெரும்பாடா இருக்கு.

2025 பிப்ரவரில தைப்பூசத்துக்கு நாங்க ஈப்போ போயிட்டு வந்தோம். திருச்சில இருந்து ஃப்ளைட், ரிட்டர்ன் டிக்கெட்டோட. அரைவல் கார்டு நானே போன்ல போட்டேன், கால் மணி நேரம் ஆச்சு. கோலாலம்பூர் கவுண்டர்ல இருந்த பொண்ணு எங்க தங்குறீங்க, எப்பத் திரும்புறீங்கன்னு ரெண்டே கேள்வி கேட்டுச்சு, அக்கா அட்ரஸக் காட்டினேன், விரல் ரேகை வச்சுட்டு விட்டுருச்சு. ஒத்த ரூபா குடுக்கல. 25 நாள் அக்கா கூட இருந்தோம், கல்லுமலைக் கோயில்ல அவ கையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒண்ணா இருந்து காலத்தக் கழிக்கிறது இனிமே நடக்காது, வருஷத்துக்கு ஒரு தடவ இப்படிப் போய் வந்தாத்தான் உண்டுன்னு அவளுக்கும் புரிஞ்சிருச்சு.

2024ல காளவாசல் பக்கம் அந்த மாடிக்குப் போயி பணம் குடுத்தவங்க நாங்க மட்டும் இல்ல, வெயிட் பண்ணப்ப எங்க பக்கத்துல உசிலம்பட்டில இருந்து வந்த ஒரு ரிடையர்டு வி.ஏ.ஓ.வும் அவரு சம்சாரமும் உக்காந்திருந்தாங்க, அவங்க நம்பர் வாங்காம விட்டுட்டேன். பச்சை மையில 1,50,000-னு எழுதின பேப்பர் உங்ககிட்டயோ உங்களுக்குத் தெரிஞ்சவங்ககிட்டயோ இருந்தா தயவுசெஞ்சு கிழிச்சுப் போட்றாதீங்க. எங்களோடது கேஸ் ஃபைல்ல இருக்கு. இன்னும் ரெண்டு பேரு அதே கையெழுத்தோட வந்தா "நான் டாலர்னு சொன்னேன்"ங்குற பேச்சு அங்க நிக்காது.