ஃபைல்ஸ் பை கூகுள் ஆப் ரிவ்யூ: டேப் ஸ்லோவா இருந்தா மொதல்ல இதப் போடுங்க

டேப் ஸ்லோ ஆயிடுச்சுன்னு சர்வீஸ் கடைக்கு தூக்கிட்டு ஓடுறதுக்கு முன்னாடி இந்த ஆப்ப ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. டேப்ல இருக்கற ஃபைலப் பாத்து வேண்டாதத அழிக்கற ஆப் இது, ஃப்ரீதான், வெளம்பரம் கெடயாது. 2017 கடைசில ஃபைல்ஸ் கோன்னு வந்துச்சு, அடுத்த வருஷமே பேர மாத்திட்டாங்க.

எங்க வீட்டுல இருக்கறது 3 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ் உள்ள பட்ஜெட் டேப், லாக்டவுன்ல பசங்க கிளாஸுக்கு வாங்குனது, இப்ப அம்மா கையில. 32ன்னு பேருதான், அதுல ஒரு பெரிய பங்க சிஸ்டமே முழுங்கிடும், மிச்சத்துல வாட்ஸ்அப் குட்மார்னிங் படமும் வீடியோவும் அடைஞ்சு கெடந்தா கீபோர்டு மேல வர்றதுக்கே தவம் இருக்கணும். நெறய பேரு ரேம்தான் பத்தலன்னு ரீசன்ட் ஆப்ஸ தள்ளித் தள்ளி மூடிட்டே இருக்காங்க, அது வேஸ்ட், மூடுன ஆப்ப மறுபடி தெறந்தா மொதல்லேருந்து லோட் ஆகி இன்னும் லேட்டாகும். வெல கம்மியான டேப்ல வர்ற இஎம்எம்சிங்கற மெதுவான வக ஸ்டோரேஜ் நெரம்புச்சுன்னா அதுல டேட்டா எழுதுற வேகம் எறங்கிடும், நெறய கேஸ் அதுதான்.

இதுல க்ளீன் பக்கத்துக்குப் போனா ஒரே படம் ரெண்டு தடவ இருக்கறது, பெரிய ஃபைல், பழைய ஸ்க்ரீன்ஷாட்னு தனித்தனியா காட்டும், செலக்ட் பண்ணி அழிச்சிடலாம். ஆனா அழிச்சதெல்லாம் நேரா ட்ராஷுக்குத்தான் போகும், 30 நாள் அங்கயே ஒக்காந்திருக்கும், அதையும் காலி பண்ணாத்தான் எடம் கெடைக்கும். இத கவனிக்காம "ஆப் வேல செய்யல"ன்னு ஒரு ஸ்டார் குடுக்கறவங்கள என்ன சொல்றது. பின் போட்டுப் பூட்டி வைக்கற சேஃப் ஃபோல்டர்ல எதையாச்சும் வச்சீங்கன்னா பின் நம்பர எழுதி வைங்க, மறந்தா திரும்ப எடுக்க வழியில்ல.

ப்ளே ஸ்டோர்ல ரேம் பூஸ்டர், ஸ்பீட் க்ளீனர்னு ஒரு கூட்டம் இருக்கே, அதுங்க பக்கமே போவாதீங்க, அதுவே பேக்ரவுண்ட்ல ஓடி வெளம்பரமா கொட்டும்.

அதுக்காக இந்த ஆப் மந்திரக்கோல்னு சொல்லல. சூட்டால ஸ்லோ ஆகுற டேப்புக்கு, அதாவது சார்ஜ்ல போட்டுட்டே கேம் ஆடுற கேஸுக்கு, இதால ஒண்ணும் ஆகாது. எடம் இருந்தும் இழுக்குதுன்னா டெவலப்பர் ஆப்ஷன்ங்கற மறஞ்ச மெனுல, ஸ்க்ரீன் மாறுற அசைவோட நேரத்த வைக்கற அனிமேஷன் ஸ்கேல 0.5 ஆக்குங்க, செட்டிங்ஸ்ல இருக்கற பில்ட் நம்பர ஏழு தடவ தட்டுனா அந்த மெனு வரும். அதுக்கும் மசியலன்னா பேக்கப் எடுத்துட்டு ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாத்தையும் அழிச்சு டேப்ப புதுசு மாதிரி ஆக்கறது, ஜிமெயில் பாஸ்வேர்டு தெரியுமான்னு பாத்துட்டு பண்ணுங்க, இல்லன்னா ரீசெட்டுக்கு அப்புறம் உள்ளயே விடாம போகலாம்.

என் ரேட்டிங் 4/5. ட்ராஷ் விஷயத்த கொஞ்சம் பெருசா எழுதிக் காட்டியிருந்தா அஞ்சு குடுத்திருப்பேன்.